புல்லட்டின் வயதை யாரிடம் கேட்பது?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 48. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருடைய அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். வாய்க்கால், மதகு என்று எங்கே வேலை நடந்தாலும் 1965 மாடல் புல்லட்டில்தான் போவார். இவரும் அதே வண்டியில்தான் ஓட்டப் பழகினார். 1996-ல் அக்காவின் கல்யாணச் செலவுக்காக வண்டி கைமாறியது. இப்போது அப்பாவுக்கு 82 வயது. ‘அதே மாதிரி ஒரு வண்டியில் அவரை ஒரு தடவையாவது உட்கார வைத்துவிட வேண்டும்’ என்று இரண்டு வருடங்களாகத் தேடியிருக்கிறார்.

தைப் பொங்கல் முடிந்த வாரம், மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒருவர் வண்டி காட்டினார். ‘1965, ஜி-2, ரெட்டிச் இன்ஜின்’ என்றார். ஜி-2 என்பது புல்லட்டின் ஒரு மாடல்; ரெட்டிச் என்பது இங்கிலாந்தில் புல்லட் தயாரான ஊர். விலை 3,40,000 ரூபாய். ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு, பதிவு இரண்டுமே 1978 என்று இருந்தது. கேட்டதற்கு, ‘கைமாறும்போது ஆபீஸில் தப்பாக எழுதிவிட்டார்கள்’ என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் இரண்டு பக்க அறிக்கை அனுப்பினார். சேசிஸ் எண்ணை ஒரு ஏ.ஐ. செயலியிடம் கொடுத்து வாங்கிய பதில் அது. நம் வாசகரும் தன் போனில் கேட்டார். அதுவும் 1965 என்றது. ‘நிச்சயமாகவா?’ என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ‘நிச்சயமாக’ என்றது. மூன்று லட்சத்தை வங்கி வழியாகவும் நாற்பதாயிரத்தைக் கையிலும் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த வண்டியை அப்பா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இது நம்ம வண்டி மாதிரி இல்லையேப்பா’ என்றாராம். பத்து நாள் கழித்து, நாற்பது வருடமாகப் புல்லட் மட்டுமே பார்க்கும் உள்ளூர் மெக்கானிக் பிரித்துப் பார்த்து, இன்ஜின் எண்பதுகளில் வந்தது என்றார். சேசிஸ் எண்ணில் இரண்டு இலக்கங்கள் பிற்பாடு பஞ்ச் அடித்தவை போலத் தெரிகின்றன என்றும் சொன்னார். பதறிப்போனவர் சட்டத்தையும் அதே செயலியிடமே கேட்டிருக்கிறார். ‘பழமை வாகனப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 22-ன்படி 30 நாட்களுக்குள் வண்டியைத் திருப்பித் தரலாம்’ என்றது. அதற்குள் 40 நாள் ஓடிவிட்டது. கடிதம் என் கைக்கு வரும்போது மூன்று மாதம்.

அவருடைய கேள்விகள் நான்கு: உரிமை போய்விட்டதா? ஏ.ஐ. நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாமா? ‘வி.ஏ.’ என்ற பழமை வாகன எண்ணாவது கிடைக்குமா? அந்த அறிக்கையோடு சேர்த்துக் கொடுத்தால் 3,20,000-க்கு எடுத்துக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார், விற்றுவிடலாமா?

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விற்காதீர்கள். உங்களுக்கு விற்றவர் அந்த அறிக்கையை உண்மையிலேயே நம்பியிருக்கலாம். நம்பவில்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் நிலைமை அப்படி இல்லை. மெக்கானிக் சொன்ன நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தத் தாளை இன்னொருவர் கையில் கொடுத்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 17-வது பிரிவு சொல்லும் மோசடிக்குள் நேராகப் போய் நிற்பீர்கள். இருபதாயிரம் நஷ்டத்தோடு போகட்டும் என்று நினைக்கிறீர்கள். வாங்குகிறவர் நாளைக்கு உங்கள் மேல் புகார் கொடுத்தால், நீங்கள் எனக்கு எழுதிய கடிதமே உங்களுக்கு எதிராக நிற்கும். அப்படி ஒரு வில்லங்கத்தில் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்த 30 நாள். இந்தியாவில் ‘பழமை வாகனப் பாதுகாப்புச் சட்டம்’ என்று ஒன்று கிடையாது. ஆகவே அதற்கு 22-வது பிரிவும் கிடையாது, 30 நாள் கெடுவும் கிடையாது. இல்லாத ஒரு கதவு மூடிவிட்டது என்று இரண்டு மாதமாக அழுதுகொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஆனால் வேறொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அந்தச் செயலி சொல்லவில்லை. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 42-வது பிரிவின்படி, வாங்கிய பொருளை ‘வேண்டாம்’ என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஏற்றுக்கொண்ட பிறகு 13-வது பிரிவு குறுக்கே வரும்: வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கும் உரிமை சுருங்கி, நஷ்ட ஈடு கேட்கும் உரிமையாக மட்டும் நிற்கும். ‘நியாயமான காலம்’ எத்தனை நாள் என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. மூன்று மாதம் என்பது கொஞ்சம் இழுபறியான இடம். இந்த வாரமே நோட்டீஸ் போக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அந்த இரண்டு பக்க அறிக்கை

நீங்கள் அனுப்பிய நகலை மூன்று முறை படித்தேன். அழகான தமிழ். தயக்கம் ஒரு வரியில்கூட இல்லை. முதல் பக்கத்தில், 1965 மாடலின் சிறப்பு அம்சமாக ‘இடக்கால் கியர்’ என்று இருக்கிறது. நீங்கள் அப்பாவின் வண்டியில் ஓட்டப் பழகியவர். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். வேறு வண்டிக்குப் பழகியவர்கள் புல்லட் எடுத்தால் பிரேக்குக்குப் பதில் கியரை மிதித்துத் தடுமாறியதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் யார்? உங்கள் காலுக்கே தெரிந்திருந்த விஷயத்தை அந்தத் தாள் தவறாகச் சொல்லியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், ‘இந்த வரிசை 1972 வரை ரெட்டிச் ஆலையில் தயாரானது’ என்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை 1967-லேயே மூடப்பட்டுவிட்டது.

இப்படி எப்படித் தவறும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் ‘கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செயலி எந்தப் பேரேட்டையும் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. கோடிக்கணக்கான பக்கங்களில் எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று பழகி, அந்தப் பழக்கத்தில் அடுத்த சொல்லை எழுதுகிறது. இணைப்புக் கொடுத்தால் வலையில் தேடியும் பார்க்கும். ஆனால் தேடினால் கிடைப்பதும் யாரோ எழுதியதுதான். ஒரு பொருளைப் பற்றி உலகத்தில் நிறைய எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும். கொஞ்சமாக, அதுவும் குழப்பமாக எழுதப்பட்டிருந்தால், அந்தக் குழப்பத்தையே சரளமான நடையில் கோத்துக் கொடுத்துவிடும்.

புல்லட் அப்படிப்பட்ட குழப்பத்துக்கென்றே பிறந்த வண்டி. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் அந்தப் பெயரை 1932-லேயே இங்கிலாந்தில் வைத்துவிட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா இங்கே தொடங்கியபோது, முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த உதிரிகளைக் கோத்தார்கள். பிறகு படிப்படியாக முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே தயாரானது. தாய் ஆலை மூடிய பிறகும் இங்கே அதே வடிவம் பல பத்தாண்டுகள் ஓடியது. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், 346 சி.சி. — அத்தனை காலமும் இந்த அளவுகள் மாறவே இல்லை. அதனால் ஒரு காலத்துச் சேசிஸில் இன்னொரு காலத்து இன்ஜினைப் பெரிய சிரமமில்லாமல் உட்கார வைக்கலாம். பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரண்டு நாடுகள், ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே உருவம். இங்கிலாந்து வண்டிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். மெட்ராஸ் வண்டிகளைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி ஆலையில் வேலை பார்த்தவர்களின் நினைவிலும், மெக்கானிக்குகளின் விரல்களிலும், எண்ணெய்க் கறை படிந்த நோட்டுகளிலும் இருக்கிறது. செயலியால் அங்கே போய்ப் படிக்க முடியாது.

என் ஜூனியரைவிட்டு ஒரு சோதனை செய்தோம். உங்கள் சேசிஸ் எண்ணையே கொடுத்து, ‘இது 1958 வண்டிதானே?’ என்று கேட்டோம். ஆமாம் என்று காரணங்களோடு விளக்கியது. புதிதாகத் திறந்து, ‘1972 வண்டிதானே?’ என்றோம். அதற்கும் ஆமாம், அதற்கும் காரணங்கள். நீங்களும் ‘1965 ஜி-2 என்கிறார், சரியா?’ என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்திலேயே அப்படி எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டால், அதையே மெருகேற்றித் திருப்பிக் கொடுப்பது இந்தச் செயலிகளிடம் அடிக்கடி காணப்படும் பழக்கம். கோர்ட்டில் சொந்தத் தரப்புச் சாட்சியை முதல் விசாரணை செய்யும்போது அப்படிக் கேட்டால் எதிர் வக்கீல் உடனே ஆட்சேபித்து எழுந்து நிற்பார்.

‘நிச்சயமாகவா என்று கேட்டேனே’ என்று ஆதங்கப்பட்டிருக்கிறீர்கள். இதில் உங்களுக்குத் துணை நிறையப் பேர். 2023-ல் நியூயார்க்கில், ஏவியன்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில் வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகள் இருந்தன. ‘இந்த வழக்கு நிஜமா?’ என்று அந்த வக்கீலும் அதனிடமே கேட்டிருந்தார். நிஜம் என்றே அது சொன்னது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் படித்தவர்களே சறுக்கிய இடம் அது. நீங்கள் அவமானப்பட ஒன்றுமில்லை. சொன்னவரிடமே ‘சொன்னது சரியா’ என்று கேட்பது சரிபார்த்தல் ஆகாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இத்தனை சொன்ன பிறகும், அந்த அறிக்கையைக் கிழித்துப் போடாதீர்கள் என்றே சொல்வேன். வண்டி எந்த வருடம் என்பதற்கு அது சாட்சி இல்லை. விற்றவர் உங்களிடம் என்ன சொல்லி விற்றார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அவருடைய எண்ணிலிருந்து, அவர் கையால், விலை பேசிய நாளில் வந்த தாள் அது. உங்கள் வழக்கின் உயிர்நாடியே அதுதான்.

சட்டம் எவ்வளவு தூரம் உங்களோடு வரும்?

விற்றவர், ‘நான் எங்கே பொய் சொன்னேன், ஏ.ஐ. சொன்னதைத்தானே அனுப்பினேன்’ என்பார். 150 வருடத்துக்கு முந்தைய நம் ஒப்பந்தச் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தன்னிடம் உள்ள தகவல் இடம்கொடுக்காத அளவுக்கு ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்லி, அது உண்மையில்லாமல் போனால், சொன்னவர் அதை நம்பிச் சொல்லியிருந்தாலும் அது தவறான எடுத்துரைப்புதான் என்கிறது 18-வது பிரிவு. ‘நம்பினேன்’ என்பது மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து அவரைக் காப்பாற்றலாம். இந்தப் பிரிவிலிருந்து காப்பாற்றாது. 19-வது பிரிவின்படி அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம்.

உங்கள் தரப்பின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 19-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு: சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருந்தது என்றால், தவறான எடுத்துரைப்பைக் காட்டி ரத்து கேட்க முடியாது. ‘ஆர்.சி. புத்தகத்தில் 1978 என்று இருந்ததே, பார்த்துத்தானே வாங்கினார்’ என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் வாதமாக இருக்கும். நம் பதில் இரண்டு. ஒன்று, நீங்கள் கேட்டீர்கள். அவர்தான் ‘ஆபீஸ் தவறு’ என்று சொல்லி உங்கள் சந்தேகத்தைத் தணித்தார். இரண்டு, அவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்று நிரூபிக்க முடிந்தால் இந்த விதிவிலக்கு அவருக்குக் கை கொடுக்காது. வாயைத் திறந்து சொன்ன பொய்க்கு அது பொருந்தாது.

இன்னொரு பாதை சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு. ஒரு விவரிப்பைச் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும். நம் சட்டம் பிறந்தது ஆங்கிலச் சட்டத்திலிருந்து என்பதால், அங்கே நடந்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டுமே பழைய வண்டியின் வயதைப் பற்றியவை. 1967-ல் முடிவான பீல் எதிர் டெய்லர் வழக்கில், ‘1961 ஹெரால்டு’ என்று விளம்பரம் செய்து ஒருவர் தன் காரை விற்றார். பின்பாதி மட்டும்தான் 1961. முன்பாதி அதைவிடப் பழைய வண்டி, இரண்டையும் வெல்டிங் செய்து ஒட்டியிருந்தார்கள். விற்றவருக்கே அது தெரியாது. வாங்கியவர் காரை நேரில் பார்த்துத்தான் வாங்கினார். இருந்தும் அவர் ஜெயித்தார்: 1961 என்று விவரித்தாய், வண்டி அப்படி இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் 1957-ன் ஆஸ்கர் செஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கில் முடிவு மாறியது. 1948 மோரிஸ் என்று சொல்லிக் கொடுத்த கார் 1939-ல் செய்தது என்று பிறகு தெரிந்தது. பதிவுப் புத்தகத்தில் முந்தைய யாரோ திருத்தியிருந்தார்கள். விற்றவர் சாதாரண மனிதர், புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார். வாங்கியவர்களோ கார் வியாபாரிகள். அதனால் விற்றவர் மேல் பொறுப்பு விழவில்லை. உங்கள் எதிர்த்தரப்பு இதைத் தூக்கிக்கொண்டு வரும். வித்தியாசத்தைப் பாருங்கள்: அங்கே விற்றவர் அரசுப் பதிவை நம்பிச் சொன்னார். இங்கே அரசுப் பதிவு ஒன்று சொல்லியிருக்க, அதை மறுத்து, ஒரு செயலியின் பேச்சை எடுத்து வைத்தார். தொழில் தெரிந்தவர் அவர், வாத்தியார் நீங்கள். இந்தத் தீர்ப்புகள் நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தா, ஆனால் வழிகாட்டும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே திருத்திவிடுகிறேன். ‘மதிப்பு ஒன்றரை லட்சம்தான், 3,40,000 வாங்கிவிட்டார், இதுவே போதாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. விலையை நாமே தவறாக எடைபோட்டது ஒப்பந்தத்தை உடைக்காது என்று 20-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. உங்கள் வழக்கு வருடத்தைப் பற்றியது, இன்ஜினைப் பற்றியது. நோட்டீஸில் ‘ஏமாற்று விலை’ என்ற சொல்லே வர வேண்டாம்.

சேசிஸ் எண்தான் என் பெரிய கவலை

பணத்தைவிட என்னை யோசிக்க வைத்தது, மெக்கானிக் சொன்ன அந்த இரண்டு இலக்கங்கள். எண் மாற்றி அடிக்கப்பட்டது உண்மையானால், வண்டி திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். அப்படியானால் விற்றவருக்கே உரிமை இல்லை. இல்லாத உரிமையை அவர் உங்களுக்குக் கொடுக்கவும் முடியாது. சந்தேகம் வந்த பிறகும் பேசாமல் வைத்திருப்பது உங்களுக்கு நல்லதல்ல.

ஆகவே அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம். இரும்பில் எண் அடிக்கும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்கும். மேலே தேய்த்து அழித்தாலும் அந்த நசுங்கல் உள்ளே நிற்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி அந்தப் பழைய எண்ணை மீட்டெடுக்க வழி உண்டு. போட்டோவைப் பார்த்து எந்தச் செயலியும் இதைச் செய்ய முடியாது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது எளிது. சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டின் மேலும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். அவற்றை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வண்டி எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானதோ அங்கே பதிவு விவரங்களின் நகலுக்கு மனுக் கொடுங்கள். இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால், பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் தகராறு செய்யும். இது தெளிவாகும்வரை வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள். எண் திருத்தப்பட்டது உறுதியானால் ஒரு வக்கீலை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நீங்களே முதலில் போவது நல்லது.

வி.ஏ. எண் உங்களுக்கு எதற்கு?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் பழமை வாகனங்களுக்கான பகுதி சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உங்கள் ஆர்.சி.யின்படி 50 வருடம் ஆவதற்கு 2028 வர வேண்டும். இன்ஜின் வேறு என்றால் 2028-லும் கிடைக்காது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும்.

செயலி உங்களிடம் சொல்லாத முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்த விதிகளின்படி பதிவு செய்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழமை வாகன ஊர்வலம், பழுது பார்க்க, பெட்ரோல் போட என்று குறிப்பிட்ட தேவைகளுக்கு மட்டுமே எடுக்கலாம். நீங்களோ ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவைக் குலதெய்வம் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரணப் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டிருந்தாலே அது நடக்கும். 1989-க்கு முந்தைய அந்த மூன்றெழுத்துப் பழைய எண்ணும் அப்படியே இருக்கும்.

ஏ.ஐ. நிறுவனத்தின் மேல் வழக்கு

இதில் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. 2024-ல் கனடாவில் ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட் கட்டணச் சலுகையைத் தவறாகச் சொன்னதற்காக, அந்த விமான நிறுவனமே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. அங்கே அந்த சாட்பாட், டிக்கெட் விற்ற நிறுவனத்தின் சொந்த வாயாகப் பேசியது. உங்களுக்கு வண்டி விற்றது ஏ.ஐ. நிறுவனம் இல்லை. ‘தவறு வரலாம், சரிபார்த்துக்கொள்ளுங்கள்’ என்று திரையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். கையில் 1978 என்ற ஆர்.சி.யும் இருந்தது. பணத்தை வாங்கியவர் யாரோ அவரைத் தேடிப் போங்கள்.

இனி என்ன செய்வது?

முதலில் வக்கீல் நோட்டீஸ். ‘1965 என்றும் ரெட்டிச் இன்ஜின் என்றும் சொல்லி விற்றீர்கள், இரண்டும் உண்மையில்லை, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்ற நான்கு விஷயம் போதும். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் போகட்டும். அவரைப் போனில் திட்டாதீர்கள். கையில் கொடுத்த நாற்பதாயிரத்துக்கு ரசீது இல்லை என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் எங்காவது மொத்த விலையைப் பற்றிப் பேசியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். போனை மாற்றவோ எதையும் அழிக்கவோ வேண்டாம். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட, பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். மெக்கானிக்கிடம் அவர் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். பிரித்த இன்ஜினை மேற்கொண்டு எதுவும் செய்யாமல், இருக்கும் நிலையிலேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

நோட்டீஸுக்குப் பணியவில்லை என்றால் எங்கே போவது? நுகர்வோர் ஆணையம் என்று செயலி சொன்னது பாதி சரி. தன் சொந்த வண்டியை ஒரு தடவை விற்கிற தனி மனிதர் மேல் அங்கே போக முடியாது. ஆனால் அவருடைய ஷெட்டில் விலை எழுதிய நான்கு பழைய வண்டிகள் நின்றன, விசிட்டிங் கார்டும் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கி விற்பதே அவர் தொழில் என்றால் அவர் வியாபாரி. அப்போது உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் இல்லை. அந்த விசிட்டிங் கார்டைப் பத்திரமாக வையுங்கள்.

அவர் வியாபாரி இல்லை என்றானால் உரிமையியல் நீதிமன்றம்தான். மூன்று வருடம் காலக்கெடு உண்டு. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். உங்கள் தொகைக்கு 10,200 ரூபாய் வரும். அதற்கு முன்னால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுக் கொடுத்துப் பாருங்கள், செலவில்லை. முழுப் பணம் வராவிட்டாலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ள அவர் முன்வரலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால், சேசிஸ் எண் சுத்தமாக இருக்கும் பட்சத்தில், அதைக் காது கொடுத்துக் கேட்பேன். எண்ணில் கோளாறு என்றால் எந்தச் சமரசமும் வேண்டாம். ‘ஏமாற்று வழக்கு’ என்று இப்போதே போலீஸுக்குப் போகும் யோசனையைத் தள்ளி வையுங்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது நிற்கும்.

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: அப்பா 1996-ல் விற்ற வண்டியின் பழைய இன்சூரன்ஸ் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார் என்று. அதை எடுங்கள். அதில் பதிவு எண் இருக்கும், சேசிஸ் எண்ணும் இருக்கலாம். அந்தப் பதிவு எண்ணை, வண்டிகளின் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். அவ்வளவு பழைய பதிவு கணினியில் ஏறாமல் இருந்தால், பதிவான அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள். வண்டி இன்னும் பதிவில் இருக்கிறதா, எந்த ஊர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது என்று தெரிய வாய்ப்புண்டு. போகும்போது அப்பாவையும் அழைத்துப் போங்கள். யாருக்கு விற்றோம், அவர் எந்த ஊர் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.